கதைசொல்லியின் குரல் திரைக்கு வரும்போது: பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களும் காலகட்ட நாடகங்களும்

அந்திவானம்:

இந்த இழையில் சில நாவல்களின் கொலையாளி யார் என்பதை மறைக்காமல் பேச வேண்டியிருக்கும். அகதா கிறிஸ்டியை இனிமேல்தான் படிக்கப் போகிறோம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பவர்கள் மூலத்துக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்ற வாக்குவாதம் நம் மன்றத்தில் அடிக்கடி எழுகிறது. ஆனால் நடிகர் பாத்திரத்துக்குப் பொருந்தினாரா, எந்தக் காட்சி விடுபட்டது, முடிவு ஏன் மாறியது என்பவற்றைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. இவற்றையெல்லாம்விடக் கடினமான சிக்கல் கதையைச் சொல்லும் குரல்தான் என்பது என் எண்ணம். 1926-இல் வெளிவந்த கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஷெப்பர்ட் 'நான்' என்று தன்மையில் கதை சொல்கிறார். இரவு எட்டு நாற்பதுக்குக் கடிதம் வந்தது என்கிறார். எட்டு ஐம்பதுக்கு அறையை விட்டு வெளியேறியதாகச் சொல்கிறார். கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று யோசித்ததாகவும் எழுதுகிறார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் ஆக்ராய்டைக் கொலை செய்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சொல்லாமல் விட்டதுதான் எல்லாம்.

கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே நடித்த வரிசையில் 2000-ஆம் ஆண்டில் இந்த நாவல் படமானபோது, அந்தக் குரலை ஒரு நாட்குறிப்பாக்கி, அதைப் புவாரோ படிப்பதாக அமைத்தார்கள். நாட்குறிப்பை எழுதியவர் கொலைகாரர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், நாவலின் அதிர்ச்சி ஒரு சாதாரண 'யார் எழுதியிருப்பார்' என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு முடிவில் தொழிற்சாலைக்குள் துப்பாக்கிச் சண்டை வேறு. நாவலில் புவாரோ ஷெப்பர்டை உட்காரவைத்து, விடிவதற்குள் அவரே ஒரு முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று அமைதியாக விட்டுவிடுகிறார்.

இந்தக் குரலைத் திரையில் காப்பாற்றிய தொடர்கள் எவை, தொலைத்தவை எவை என்று உறுப்பினர்கள் எடுத்துக்காட்டுகளோடு எழுத வேண்டுகிறேன்.

பழையஏடு:

நல்ல கேள்வி, ஐயா. ஆனால் திரையால் மறைக்க முடியாது என்ற தொனி உங்கள் பதிவில் தெரிகிறது; அதை நான் ஏற்கவில்லை. கேமராவும் பத்து நிமிடத்தை வெட்டலாம். வேறுபாடு எங்கே என்றால், திரையில் வெட்டு என்பது நொடிக்கு நொடி நடப்பது, அதைப் பார்வையாளர் ஒரு செயலாகவே கருதுவதில்லை. நாவலிலோ, தன் கதையைத் தானே சொல்லும் மனிதர் ஓரிடத்தைத் தாண்டிச் செல்லும்போது அது அவருடைய தேர்வு. பின்னால் திரும்பிப் படிக்கையில் அந்தத் தேர்வு அவரைக் காட்டிக்கொடுக்கிறது. திரும்பிப் பார்க்கும்போது காட்டிக்கொடுக்காத மறைப்புக்கு மதிப்பில்லை.

பின்னணிக் குரல் வெற்றி பெற்ற இடத்துக்கு வருகிறேன். கிரனாடா நிறுவனம் எடுத்து 1981-இல் ஒளிபரப்பான 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிடெட்' பதினோரு பகுதிகள் கொண்டது. ஈவ்லின் வாவின் நாவலில் சார்லஸ் ரைடர் பழையதை நினைவுகூர்ந்து சொல்லும் நடையை ஜெரமி அயர்ன்ஸின் குரலில், பல இடங்களில் நாவலின் வாக்கியங்களாகவே, அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1979-இல் ஐடிவி தொலைக்காட்சியில் நடந்த வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு நடுவில் நின்றது. பிறகு இயக்குநரே மாறினார். இத்தனைக்குப் பின்னும் தொடர் ஒரே கையால் எழுதியதுபோல் இருப்பதற்கு அந்தக் குரல்தான் காரணம் என்று நினைக்கிறேன். யார்க்‌ஷயரில் உள்ள காசில் ஹவர்டு மாளிகையின் குவிமாடத்தைப் பலரும் புகழ்கிறார்கள். மாளிகை மட்டும் போதுமென்றால் ஒரு சுற்றுலாப் படமே போதுமே.

சார்லஸ் எதையும் மறைப்பவர் அல்லர், இழந்ததை எண்ணி ஏங்குபவர். அதனால் குரல் கேட்கும்போது நமக்குச் சந்தேகம் வருவதில்லை. ஷெப்பர்டுக்கு அதே உத்தியைக் கொடுத்தால், 'இவர் ஏன் நம்மிடம் இவ்வளவு பேசுகிறார்' என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். ஆகவே 2000-ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையாசிரியர் கிளைவ் எக்ஸ்டனுக்கு இருந்த வழிகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

தாழைமடல்:

குரலைத் திரை காப்பாற்றிய எடுத்துக்காட்டு அதே வரிசையிலேயே இருக்கிறது: 2003-இல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. நாவலில், பல ஆண்டுகளுக்கு முன் ஓவியர் ஏமியஸ் கிரேல் நஞ்சூட்டப்பட்ட நாளைப் பற்றி ஐந்து பேர் புவாரோவுக்குத் தனித்தனியே எழுதித் தருகிறார்கள். ஒரே நாள், ஒரே தோட்டம், ஒரே பீர் புட்டி, ஐந்து கைகள். வெறும் வாக்குமூலங்களால் ஆன புத்தகம் திரைக்கு ஒத்துவராது என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். திரைக்கதை எழுதிய கெவின் எலியட் ஒவ்வொருவரின் நினைவையும் தனித்தனி ஃப்ளாஷ்பேக்காக்கினார். கையில் ஏந்திய கேமராவின் அசைவும் கோடை வெளிச்சத்தின் மங்கலும் சேர்ந்து, நாம் பார்ப்பது நடந்தது அல்ல, ஒருவர் நினைவில் வைத்திருப்பது என்பதை ஒரு சொல் பேசாமல் உணர்த்திவிடுகின்றன.

இதில் ஒரு சிறிய இடத்தைக் காட்ட விரும்புகிறேன். 'அவள் பெட்டியை அடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பொருளில் ஏமியஸ் சொன்னது வெளியே இருப்பவர் காதில் விழுகிறது. பள்ளிக்குப் போகவிருந்த சிறுமி ஏஞ்சலாவைப் பற்றிய பேச்சு என்றே கேட்டவர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அது தன் காதலி எல்சாவை வீட்டை விட்டு அனுப்பப்போகும் பேச்சு. கேட்டவர் பொய் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே சொல்கிறார். ஆனால் அவர் புரிந்துகொண்ட விதத்திலேயே நாமும் புரிந்துகொள்கிறோம். ஷெப்பர்டின் பத்து நிமிடத்துக்கு நிகரான தந்திரம் இது. திரையிலும் குறையாமல் வேலை செய்கிறது, ஏனெனில் மறைப்பது கேமரா அல்ல, காது.

மாற்றங்களும் உண்டு. நாவலில், கொலைப்பழி சுமந்த ஏமியஸின் மனைவி கரோலின் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இறக்கிறாள்; படத்தில் தூக்கிலிடப்படுகிறாள். ஏமியஸின் நண்பர் பிலிப் பிளேக்கின் காதல் கரோலின் மீதிருந்து ஏமியஸ் மீது நகர்கிறது. முதல் மாற்றம் கதையின் கனத்தைக் கூட்டுகிறது. இரண்டாவது, பிலிப்பின் வெறுப்புக்கு நாவலைவிடத் தெளிவான காரணம் தருகிறது. இறுதியில் கரோலினின் மகள் துப்பாக்கி ஏந்துவது மட்டும் தேவையற்றது. இந்த வரிசையில் யாராவது ஒருவர் எப்படியும் துப்பாக்கி எடுத்துவிடுகிறார்கள்!

கல்லணை:

நீங்கள் எல்லோரும் குரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு இதில் பாதி வெறும் நேரக் கணக்காகவே தெரிகிறது. கிரனாடா 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட்டை வைத்து எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் வரிசையில் மொத்தம் 41 படங்கள். அவற்றில் 36, ஏறக்குறைய ஐம்பது நிமிடம் ஓடுபவை. ஆர்தர் கோனன் டாயிலின் ஒரு சிறுகதைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 1993-இல் 'தி லாஸ்ட் வாம்பயர்', 'தி எலிஜிபிள் பேச்சிலர்' என்று சிறுகதைகளை இரண்டு மணி நேர நிகழ்ச்சிகளாக இழுத்தபோது, அதே நடிகர், அதே நிறுவனம், அதே பேக்கர் தெரு அரங்கம் இருந்தும் கதை தாங்கவில்லை. கனவுகளையும் கெட்ட சகுனங்களையும் இட்டு நிரப்ப வேண்டியதாயிற்று. புவாரோவிலும் தொடக்க ஆண்டுகளின் ஐம்பது நிமிடச் சிறுகதைகள் இன்றும் சலிப்பதில்லை. எந்தக் குரல் இருந்தாலும் கதைக்கேற்ற நீளம் அமையாவிட்டால் பயனில்லை.

அந்திவானம்:

கல்லணை அவர்களே, நீளம் முக்கியம்தான். ஆனால் நீங்கள் சொன்ன அதே வரிசையே என் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலானவற்றை வாட்சன்தான் சொல்கிறார். பழைய திரைப்படங்கள் வாட்சனின் குரலைப் பறித்துவிட்டு அவரை வெறும் அசட்டு நண்பராக்கின. கிரனாடா தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் அவரை மீண்டும் அறிவுள்ள மருத்துவராக நிறுத்தினார். முதலில் டேவிட் பர்க், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக். இருவரும் பேசுவதைவிடப் பார்ப்பதே அதிகம். பிரெட் அறை முழுதும் துள்ளித் திரியும்போது கேமரா அவ்வப்போது வாட்சனின் முகத்துக்குத் திரும்புகிறது. வியப்பும் கவலையும் எரிச்சலும் அங்கே மாறி மாறித் தெரிகின்றன. நாவலாசிரியர் வாட்சனின் வாக்கியங்களால் செய்ததை, இங்கே ஒரு நடிகர் கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தால் செய்துவிட்டார். குரல் போன பிறகும் கதைசொல்லி போகவில்லை.

நீலமலை:

கொலையாளியையே மாற்றிய தொடர்களை யாரும் தொடவில்லையே! 1984-இல் பிபிசி, ஜோன் ஹிக்சனைக் கிறிஸ்டியின் மூதாட்டித் துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிளாக்கி 'தி பாடி இன் தி லைப்ரரி'யுடன் தொடங்கியது. 1992-க்குள் மார்ப்பிள் நாவல்கள் பன்னிரண்டையும் எடுத்து முடித்தார்கள். முன்பே ஹிக்சனை மேடையில் கண்ட கிறிஸ்டியே, ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்ற கருத்தில் அவருக்கு எழுதியிருந்தார். ஹிக்சன் அந்த வேடத்தை ஏற்றபோது வயது எழுபத்தெட்டு. கொலையாளி, காரணம், தடயம் எதுவும் அந்தத் தொடரில் புரட்டிப்போடப்படவில்லை.

2004-இல் ஐடிவி புதிய வரிசையை அதே நாவலுடன் தொடங்கியபோது, குற்றவாளிகள் இருவரில் ஒருவரை மாற்றியது. பிறகு மிஸ் மார்ப்பிள் இல்லாத நாவல்களிலும் அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். 'ஆர்டீல் பை இன்னசென்ஸ்' அப்படி 2007-இல் வந்தது. அதே நாவலை 2018-இல் பிபிசிக்காகச் சாரா பெல்ப்ஸ் எழுதியபோது கொலையாளியே வேறொருவர் ஆனார். மர்ம நாவல் என்பது முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டப்படுவது. முடிவை மாற்றினால், முதல் அத்தியாயத்தில் விதைத்த தடயங்கள் எல்லாம் எதற்காக?

ஹிக்சன் தொடரின் சிறப்பு வேறொன்றிலும் இருக்கிறது. 1950-இல் எழுதப்பட்ட 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' நாவலின் மர்மம் முழுவதும் அந்த ஆண்டின் இங்கிலாந்தைச் சார்ந்தது. போருக்கு முன் ஒரு கிராமத்துக்கு எவர் வந்தாலும் அவரைத் தெரிந்த ஒருவரின் அறிமுகக் கடிதத்தோடு வருவார்கள். போருக்குப் பின் யார் யாரென்று எவருக்கும் தெரியாது, அவரவர் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்ப வேண்டியதுதான் என்று மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் விளக்குகிறார். கையில் இருப்பது ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும் மட்டுமே, அவற்றை யாரும் இரவல் வாங்கலாம். 1985-இல் வந்த தொடர் இந்தச் சூழலை அவசரமின்றிக் காட்டுகிறது. உடையும் காரும் காலகட்டம் ஆகிவிடாது. யாரை எதற்காக நம்பினார்கள் என்பதுதான் காலகட்டம்.

தாழைமடல்:

சகோதரி நீலமலைக்கு: 2018 பற்றி உங்களோடு உடன்படுகிறேன், 2004 பற்றி இல்லை.

'ஆர்டீல் பை இன்னசென்ஸ்' நாவலில், தாயைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இறந்த ஜாக்கோ கொலை செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டுப் பணிப்பெண் கிர்ஸ்டனை மயக்கி அந்தக் கொலைக்குத் தூண்டியவன் அவனே. 'குற்றமற்றவன்' என்று சட்டம் அறிவிப்பதற்கும் ஒருவன் உண்மையில் கறைபடாதவனாக இருப்பதற்கும் இடையிலான தொலைவுதான் கதை. பெல்ப்ஸ் தந்தையைக் கொலையாளி ஆக்கி, ஜாக்கை (தொடரில் ஜாக்கோவின் பெயர்) முழு அப்பாவி ஆக்கியபோது அந்தத் தொலைவு மறைந்து, கொடிய தந்தை, பாவப்பட்ட மகன் என்ற பழகிய கணக்கு மிஞ்சியது. நடிப்பு நன்றாக இருந்தது என்பதை மறுக்கவில்லை.

2004-இன் 'தி பாடி இன் தி லைப்ரரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் கொலையாளிகளான ஜோசியும் மார்க் கேஸ்கலும் ரகசியமாக மணந்தவர்கள். அந்த உறவு தெரியாததால்தான் இருவரையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. படத்தில் மார்க்கின் இடத்தில் அடெலெய்டு வருகிறாள்; ஜோசியும் அவளும் காதலர்கள். அக்காலத்தில் இரண்டு பெண்களை அப்படி ஒரு கோணத்தில் பார்க்க எவருக்கும் தோன்றியிருக்காது. மறைக்கப்பட்ட உறவு என்ற விசை அப்படியே இருக்கிறது. காலகட்டத்தின் கண்ணே அதை மறைக்கிறது. நீங்கள் சொன்ன அளவுகோலின்படியே, அதாவது யாரை எதற்காக நம்பினார்கள் என்பதன்படியே, இது மூலத்தின் தர்க்கத்துக்குள்தான் நிற்கிறது. உடல்களை மாற்றிவைக்கும் சூழ்ச்சியும் கெடவில்லை.

நீலமலை:

தர்க்கம் சரி. ஆனால் நாவலில் அந்தத் திருமணம் பதிவேட்டில் இருக்கும் ஒன்று. தேடினால் கிடைத்திருக்கும், வாசகர் ஊகித்திருக்கவும் முடியும். படத்தில் அந்தக் காதல் கடைசிக் காட்சிக்கு முன் எங்கே விதைக்கப்பட்டது? பார்வையாளருக்கு அங்கே வாய்ப்பே தரப்படவில்லை என்பதே என் குறை.

நெறியாளர்:

உரையாடல் மிக நன்றாகப் போகிறது. காலின் டெக்ஸ்டரின் துப்பறிவாளர் மோர்ஸ் பற்றி யாரேனும் எழுதினால், கடைசி நாவலின் முடிவை மட்டும் விட்டுவிடுங்கள். பல உறுப்பினர்கள் அந்த வரிசையை இப்போதுதான் பார்த்து வருகிறார்கள்.

பழையஏடு:

நெறியாளர் பெயரைச் சொல்லிவிட்டதால் மோர்ஸுக்கே போகிறேன். இதுவரை நாவல் மேலே, தொடர் கீழே என்ற வரிசையிலேயே பேசிவந்தோம். காலின் டெக்ஸ்டர் விஷயத்தில் அந்த வரிசை தலைகீழானது. 1975-இல் வந்த முதல் நாவலான 'லாஸ்ட் பஸ் டு வுட்ஸ்டாக்'கில் சார்ஜென்ட் லூயிஸ், மோர்ஸைவிட மூத்த வேல்ஸ்காரர். மோர்ஸ் ஓட்டுவது லான்சியா கார். 1987-இல் ஐடிவி தொடர் தொடங்கியபோது, கெவின் வாட்லியின் லூயிஸ் வட இங்கிலாந்தைச் சேர்ந்த இளைஞரானார். ஜான் தாவின் மோர்ஸுக்குச் சிவப்பு ஜாகுவார் வந்தது. டெக்ஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை, பின்னால் எழுதிய நாவல்களில் தன் லூயிஸை இளையவராக்கினார், காரையும் மாற்றிக்கொண்டார். 'தி வோல்வர்கோட் டங்' அவர் தந்த கருவிலிருந்து முதலில் தொலைக்காட்சிக்கே எழுதப்பட்டது. 1991-இல்தான் 'தி ஜுவல் தட் வாஸ் அவர்ஸ்' என்ற நாவலாயிற்று.

ஆனாலும் அந்தத் தொடர் டெக்ஸ்டரின் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவர். நாவலிலும் அத்தியாயத் தலைப்பில் ஒரு மேற்கோளை வைத்து, வாசகரோடு விளையாடி, தவறான தீர்வுகளை அடுக்கி அடுக்கிச் சரிப்பார். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் அந்தக் குறும்பு வெளியேறி, ஆக்ஸ்ஃபோர்டின் கல் சுவர்களும் ஓபராவும் மோர்ஸின் தனிமையும் உள்ளே வந்தன. குறும்பு தங்கிய ஒரே இடம் பாரிங்டன் ஃபெலூங்கின் தொடக்க இசை: அதில் மோர்ஸ் என்ற பெயரே மோர்ஸ் தந்திக் குறியீடாக ஒலிக்கிறது. குரலைத் தொலைத்தும் நல்ல தொடர் எடுக்க முடியும் என்பதற்கு 33 படங்கள் சான்று. இழையைத் தொடங்கியவர் இதற்கு என்ன சொல்வார்?

அந்திவானம்:

வேறொரு குரலை வைத்தார்கள் என்றுதான் சொல்வேன். ஃபெலூங்கின் மெதுவான இசையும் ஜான் தாவின் நீண்ட மௌனமும் சேர்ந்து ஒரு கதைசொல்லியின் வேலையைச் செய்கின்றன. அது டெக்ஸ்டரின் குரல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடற்கரைச்சாலை:

இழையை முழுதும் படித்தபின் எழுதுகிறேன். மர்மக் கதைக்கு வெளியே, நம் நாட்டைப் பற்றிய ஒன்றை யாரும் குறிப்பிடவில்லை: பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களிலிருந்து கிரனாடா 1984-இல் பதினான்கு பகுதிகளாக எடுத்த 'தி ஜுவல் இன் தி கிரவுன்'. உதய்ப்பூரிலும் மைசூரிலும் சிம்லாவிலும் படமாக்கினார்கள். நாவல்களில் காலம் நேர்க்கோட்டில் செல்வதில்லை. 1942 கலவர நாள்களில் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கு நேர்ந்த வன்கொடுமையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடிதம், வாக்குமூலம், நாட்குறிப்பு, நினைவு என்று பலர் வழியே அதையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார் ஸ்காட். திரைக்கதை எழுதிய கென் டெய்லர் அதை வரிசைப்படுத்தினார். பார்க்க எளிதாயிற்று. ஆனால் ஆட்சியாளர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட பல கதைகள் ஒன்றுக்கொன்று மோதும் ஓசை குறைந்துவிட்டது. ஆர்ட் மாலிக் நடித்த, அந்த வன்கொடுமைச் சந்தேகத்தில் கைதாகும் ஹரி குமார் தொடரின் முதல் பகுதிகளில் நம் கண்முன் இருக்கிறார். பிறகு சிறையில் நடக்கும் அந்த நீண்ட விசாரணைக் காட்சியைத் தவிர ஏறக்குறைய மறைந்துவிடுகிறார். நாவலிலும் அவர் மறைகிறார்தான், ஆனால் அங்கே எல்லோருடைய பேச்சிலும் அவர் இருந்துகொண்டே இருப்பார்.

கல்லணை:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1995-இல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் ஜேன் ஆஸ்டினின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தை ஆண்ட்ரூ டேவிஸ் எலிசபெத்தின் வாயில் வைத்தார். நாவலாசிரியரின் கிண்டல் பாத்திரத்தின் கிண்டலாகி, பெண்ணின் குணமும் முதல் சில நிமிடங்களிலேயே நிலைபெற்றது. நேரக் கணக்குப் பேசிய நானே இதைச் சொல்கிறேன்: இதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு கேள்வி. பெல்ப்ஸைத் தாழைமடல் சாடிவிட்டார். ஒரு தீவில் பத்துப் பேர் ஒவ்வொருவராகச் சாகும் கிறிஸ்டி நாவலிலிருந்து 2015-இல் அவர் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' பற்றி என்ன கருத்து? கிறிஸ்டியே 1943-இல் மேடைக்காக முடிவை மாற்றி இருவரைப் பிழைக்கவைத்தார். 1945-இல் ரெனே கிளேர் எடுத்த படமும் அதையே பின்பற்றியது. 1987-இல் சோவியத் இயக்குநர் கோவருகின் நாவலின் இருண்ட முடிவைத் துணிந்து எடுத்தார். பெல்ப்ஸும் இருட்டையே தேர்ந்தெடுத்தார். ஆனால் புட்டிக்குள் கிடைக்கும் வாக்குமூலக் கடிதத்தை நீக்கிவிட்டாரே?

தாழைமடல்:

அதை நான் சாட மாட்டேன். நாவலில் எல்லாம் முடிந்தபின், ஸ்காட்லாந்து யார்டு அதிகாரிகள் குழம்பி நிற்க, மீன்பிடிப் படகுக்குக் கிடைத்த கடிதத்தில் நீதிபதி வார்க்ரேவ் தன் சூழ்ச்சியைத் தன் பெருமையோடு விவரிக்கிறார். அதை அப்படியே எடுத்தால் கடைசிப் பத்து நிமிடம் ஒருவர் கடிதம் படிப்பதாகிவிடும். பெல்ப்ஸ் அதை இருவருக்கிடையே நடக்கும் பேச்சாக்கினார். கடைசியாக மிஞ்சிய வேரா கழுத்தில் சுருக்கோடு நாற்காலியின் விளிம்பில் கால்விரல்களை ஊன்றித் தவிக்கிறாள். செத்துவிட்டதாக நாம் நம்பிய வார்க்ரேவ் கதவைத் திறந்துகொண்டு நிதானமாக உள்ளே வருகிறார். மூச்சுத் திணறியபடி அவள் பேரம் பேசுகிறாள். பழியைப் பத்துப் பேரில் ஒருவரான லாம்பார்டின் மீது போட்டுவிடலாம் என்கிறாள். தன் பாதுகாப்பில் இருந்த சிறுவனைச் சாகவிட்டவளின் குணம் அந்தப் பேரத்தில் முழுதாக வெளிப்படுகிறது. நாவலின் கடிதத்தில் இதற்கு இடமே இல்லை, ஏனெனில் அங்கே பேசுவது வார்க்ரேவ் மட்டும்.

அந்திவானம்:

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. கடிதம் இல்லாததால், அந்தத் தீவுக்குப் பின்னால் வந்துசேரும் காவலர்களுக்குப் பத்துப் பிணங்கள் மட்டுமே கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. நாவலில் வார்க்ரேவ் தன் திறமையை உலகம் அறிய வேண்டும் என்ற ஆசையால் எழுதுகிறார். தொடரில் அவர் சொல்வதைக் கேட்டவள் ஒருத்தி, அவளும் அடுத்த நொடியில் இறந்துவிடுகிறாள். கேட்டுவிட்டு உயிரோடு மிஞ்சுவது பார்வையாளர் மட்டுமே. புட்டி நம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கடிதத்தை வெட்டினாலும் அதைப் பெற்றுக்கொள்பவரை அவர் வெட்டவில்லை என்பதால், இந்த மாற்றத்தை நான் 2018-இல் அவரே செய்ததோடு சேர்த்து எண்ண மாட்டேன்.